டக் டக் டக்

சனிக்கிழமை ஆறரைக்குச் சர்ச் பாடகர் குழு பிராக்டீஸ் என்றால் ஏழேகாலுக்குத்தான் ஆள் சேரும். தண்டையார்பேட்டையிலிருந்து ராயபுரத்துக்குக் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற நானே நேரத்துக்கு வந்துவிடுகிறேன். கோயிலுக்குப் பின்தெருவில் இருப்பவர்களுக்கு என்ன கேடு? சரி, அது போகட்டும்.

அந்தக் கீபோர்டு அண்ணன் இருக்கிறாரே! மூன்று வாரம் டி மேஜர் சுருதியில் பழகிய பாட்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனை டக் டக் டக்கென்று மூன்று தட்டு. பாட்டு எஃப்புக்கு ஏறிவிட்டது. எஃப் ஷார்ப் ஸ்வரத்தில் நின்ற டெனர் (நான் பாடும் ஆண் மேல்குரல்) உச்சம் இப்போது அதற்கும் மேலே, ஏ. அவருக்கென்ன, விரல் அதே கட்டையில்தான் இருக்கிறது. ஏறுவது என் தொண்டை அல்லவா? மே மாத வெக்கையில் அங்கி முதுகோடு ஒட்ட, கழுத்து நரம்பு புடைக்க நான் கத்துகிறேன். பெண் கீழ்க்குரலான ஆல்டோ பாடும் அக்காக்கள் பாட்டுத்தாளால் வாயை மறைத்துக்கொண்டு சும்மா உதட்டை அசைக்கிறார்கள். ஆண் கீழ்க்குரலான பேஸ் பாட இரண்டே பேர்; அதில் ஒருவர் எப்போதும் பெண் மேல்குரலான சொப்ரானோவைத்தான் ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்.

கேட்டால், "பிரைட்டா இருக்கும் தம்பி" என்கிறார் அண்ணன். பிரைட்டா? என் கண்ணில் பூச்சி பறந்தது!

வாசலில் ஆயர் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். "இன்னைக்கு டெனர் கொஞ்சம் சத்தம் கம்மிப்பா."