கமாவை எண்ணி புரோகிராமை மாற்றாதீர்கள்

செவ்வாய்க்கிழமை ராத்திரி எங்கள் ஆபீஸில் பார்சல் பில் புரோகிராம் குளறுபடியானது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மூன்று நாள் பொறுத்துக்கொண்டேன். இன்று காலை மீட்டிங்கில் மறுபடி அதே பேச்சு: "ஒரு வரி ஸெட்டில் முடிகிற வேலைக்கு எதுக்கு சின்டாக்ஸ் மரமெல்லாம்?" ஸெட் என்பது எழுத்தைத் தேடி வேறு எழுத்தைப் போடும் கருவி. சின்டாக்ஸ் மரம் என்பது புரோகிராமில் எதற்குள் எது இருக்கிறது என்று கிளை கிளையாகக் காட்டுவது.

முடியவில்லையே! முடிந்திருந்தால் நான் ஏன் விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்?

கட்டணம் கணக்கிடும் 'ரேட்' என்ற ஃபங்ஷனின் பெயர் 'டாரிஃப்' ஆக வேண்டும். அதற்குக் கொடுக்கும் எடை, தூரம் என்ற வரிசை தூரம், எடை என்று மாற வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட். ஸெட்டில் ஓட்டிய ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது எழுத்து வரிசையைத் தேடும் சூத்திரம், முதல் கமா வரை ஒரு துண்டு, அங்கிருந்து முதல் மூடும் அடைப்பு வரை இன்னொரு துண்டு என்று வெட்டி இடம் மாற்றியது. ரேட்(7, 120) என்ற இடத்தில் சரியாகவே மாறியது. டெஸ்டுகளில் எல்லாம் இப்படி வெறும் எண்கள்தான், அதனால் அத்தனையும் பாஸ்.

பில் போடும் இடத்தில் இருந்தது ரேட்(மேத்.மேக்ஸ்(எடை, 5), தூரம்). மேக்ஸ், கொடுத்த எண்களில் பெரியதைத் தரும்; குறைந்தது 5 கிலோவுக்குக் கட்டணம் என்று கணக்கு. அங்கே முதல் கமா மேக்ஸுக்குள் இருக்கிறது. மாறி வந்தது: டாரிஃப்(5, மேத்.மேக்ஸ்(எடை), தூரம்). நிதானமாகப் பாருங்கள். அடைப்புகள் ஒழுங்காக மூடியிருக்கின்றன. ஒரே எண்ணைக் கொடுத்தால் மேக்ஸ் அதையே திருப்பித் தரும். உபரியாக வந்த மூன்றாவதை ஜாவாஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் விட்டுவிடும். எங்கேயும் எரர் இல்லை. எந்த ஊருக்குப் போகும் பார்சலுக்கும் தூரம் 5 கிலோமீட்டர்!

மரத்துக்கு இந்தக் குழப்பமே வராது. புரோகிராமைப் படித்து மரமாக்கும் பார்சர் பிரித்தால், ரேட்டைக் கூப்பிடும் அந்த அழைப்புக்குக் கீழே இரண்டே கிளைகள்: மேக்ஸ் ஒன்று, தூரம் ஒன்று. உள்ளே உள்ள கமா மேக்ஸின் சொந்த விஷயம். திங்கட்கிழமையே நான், மரத்தில் தேடி மாற்றும் ஏஎஸ்டி-கிரெப் கருவியில் எழுதிக் காட்டியது இதைத்தான். தேட ஒரு வரி, மாற்ற ஒரு வரி. அதற்குக் கிடைத்த பதில், "ஓவர் இன்ஜினியரிங்." இரண்டு வரி எப்படி ஓவர் ஆகும் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

கிரெப்பைக் குறை சொல்கிறேன் என்று கிளம்பாதீர்கள். 1973-லிருந்து இருக்கும் கென் தாம்ஸனின் கருவி அது, தினமும் கையில் எடுக்கிறேன். அது எழுத்தைத் தேடும். நமக்கு அன்று தேவைப்பட்டது அழைப்பைத் தேடுவது. ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன் இருந்தால் மரம் மட்டும் போதாது, எது எந்த வகை என்ற டைப் விவரமும் வேண்டும் என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஸெட்டுக்கு மட்டும் அது தெரியுமா?

மரத்தில் போட்டுத் திரும்ப எழுதினால் கமென்ட் எல்லாம் போய்விடும் என்று இன்னொருவர். பைத்தான் மொழியோடு வரும், மரம் போடும் ஏஎஸ்டி மாட்யூலில் போகும், உண்மை. அதற்காகத்தான் கமென்ட், இடைவெளி எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும் மரங்களும் இருக்கின்றன. 2019-ல் என் முதல் வேலையில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். 2020 ஜனவரி 1-ஓடு பைத்தான் 2-க்கு ஆதரவு நிற்கப் போகிறது, பழைய புரோகிராம்களை பைத்தான் 3-க்கு மாற்றியாக வேண்டும். டீமில் இருந்த அக்கா அந்த மாற்றத்தைச் செய்யும் 2டூ3 கருவியை ஓட்டிக் காட்டினார். பிரின்ட் வந்த வரிகளில் அடைப்பு விழுந்தது. மேற்கோளுக்குள் இருந்த பிரின்ட் என்ற சொல்லும், பக்கத்தில் இருந்த கமென்ட்டும் அப்படியே இருந்தன. எப்படி என்று கேட்டேன். டீ கிளாஸை நகர்த்திவிட்டு, ரசீதின் பின்பக்கம் அந்த வரியின் மரத்தைப் போட்டார். காலேஜில் பரீட்சைக்குப் படித்த கம்பைலர் பாடம் அன்றைக்குத்தான் புரிந்தது.

அதையே நான் சொன்னால் "தியரி பேசாதே" என்கிறார்கள். லினக்ஸின் மையமான கர்னல் தியரியா? ஜூலியா லாவாலும் உடன் உழைத்தவர்களும் செய்த காக்சினெல் கருவிக்கு கர்னல் சோர்ஸுக்குள்ளேயே தனி ஃபோல்டர் இருக்கிறது. காக்சினெல் என்றால் பிரெஞ்சில் பொறிவண்டு என்று அர்த்தம். ஒரு மாற்றத்தை ஒருமுறை எழுதினால், அதே அமைப்பு, கருவிகளை இயக்கும் டிரைவர் புரோகிராம்கள் எத்தனையில் இருந்தாலும் போய் மாற்றும். அவர்களுக்கு ஸெட் தெரியாமலா?

கோபம் கருவியைப் பற்றியது மட்டும் இல்லை. திங்கட்கிழமை ஒருவர்கூட அந்த இரண்டு வரியை ஓட்டிப் பார்க்கவில்லை. செவ்வாய் ராத்திரி பதினொன்றரைக்கு மட்டும் என் நம்பர் எல்லோருக்கும் நினைவு வந்தது.

இப்போது அறிக்கையில் காரணம் "டெஸ்ட் போதவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். நான் போடப் போவதில்லை.