சுட்ட இடத்தில் மாவு வேண்டாம், தண்ணீர் போதும்

“குழந்தை மேல் கொதிக்கிற ரசம் கொட்டினால் உடனே இட்லி மாவு தடவுங்கள், தண்ணீர் பட்டால் கொப்புளம் வந்துவிடும்” என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் விஷயம் நேர் எதிர்.

கொப்புளம் தண்ணீரால் வருவதில்லை, சூட்டால் வருகிறது. ரசத்தைத் துடைத்த பிறகும் தோலுக்குள் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். அதை வெளியே இழுப்பது ஓடுகிற குழாய்த் தண்ணீர். 20 நிமிடம் காட்ட வேண்டும். இரண்டு நிமிடத்தில் பிள்ளை அழுகிறது என்று நிறுத்திவிடுகிறோம், அங்கேதான் தப்பு. உடனே முடியாமல் போனாலும் 3 மணி நேரத்துக்குள் காட்டினால் பலன் உண்டு. ஐஸ் மட்டும் வேண்டாம், அது தோலை இன்னும் கெடுக்கும்.

நனைந்த சட்டை, வளையல், அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் வீங்குவதற்குள் கழற்றுங்கள். தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். சின்னக் குழந்தை என்றால் மீதி உடம்பைத் துண்டால் போர்த்துங்கள், இல்லாவிட்டால் உடம்பு முழுக்கக் குளிர்ந்துவிடும்.

மாவு, பேஸ்ட், பேனா மை எதைத் தடவினாலும் ஆஸ்பத்திரியில் சுரண்டி எடுத்துதான் ஆழம் பார்ப்பார்கள். என் அக்கா மகனுக்குக் காய்ந்த மாவை எடுத்தபோது அவன் கத்தியது ரசம் கொட்டியபோது கத்தியதைவிட அதிகம்.

முகம், கை, பிறப்புறுப்பு என்றாலோ, குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிய காயம் என்றாலோ 108ஐக் கூப்பிடுங்கள். வண்டிக்குக் காத்திருக்கும்போதும் அந்த 20 நிமிடம் முடியும்வரை தண்ணீரை நிறுத்தாதீர்கள்.