சுருக்கியது யார்?

(வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வீடு. மே மாதம், பகல் பன்னிரண்டு மணி. இந்த ஊரில் வெயில் அடிப்பதில்லை, அறைகிறது. ஓய்வு பெற்ற ஏகாம்பரம் கட்டிலைச் சுற்றிச் சுற்றித் தேடிக்கொண்டிருக்கிறார். அடுப்படியில் மனைவி வள்ளியம்மாள், முழங்கை வரை சோப்பு நுரை.)

ஏகாம்பரம்: கொசுவலை எங்கே?

வள்ளியம்மாள்: இங்கே இருக்கிறது. ஒரு ஓரத்தை மட்டும்தான் வெட்டினேன்.

ஏகாம்பரம்: வெட்டினாயா! அடுப்படியில் கொசுவலைக்கு என்ன வேலை?

வள்ளியம்மாள்: சிங்கத்தின் மேல் போர்த்தியிருக்கிறேன். வெறும் கையால் தேய்த்தால் கம்பளி கையோடு வந்துவிடுகிறது. பேரன் விடுமுறைக்கு வருகிறான் அல்லவா? கையை உள்ளே விட்டு ஆட்டுகிற பொம்மை கேட்டான்.

ஏகாம்பரம்: ஊரே மோர்ப்பந்தலைத் தேடி ஓடுகிறது. நீ வெந்நீர் வைத்துக் கம்பளி தேய்க்கிறாய்! நூலும் இல்லை, ஊசியும் இல்லை. இது எப்படிப் பொம்மையாகும்?

வள்ளியம்மாள்: நூற்காத கம்பளி இது. மெல்லியதாகப் பிய்த்து, ஒரு அடுக்கு நெடுக்கே, அடுத்தது குறுக்கே பரப்ப வேண்டும். சோப்புக் கரைத்த வெந்நீரைத் தெளித்துத் தேய்த்தால் எல்லாம் ஒரே துணியாகிவிடும்.

ஏகாம்பரம்: இதைக் காசு கொடுத்தா வாங்கினாய்? கணியம்பாடிப் பக்கம் ஆடு மேய்க்கிறவரைக் கேட்டால் சும்மாவே கொடுப்பாரே.

வள்ளியம்மாள்: கேட்டேன், சிரித்தார். நம் பக்கத்துச் சென்னைச் சிவப்பு ஆட்டின் மேல் இருப்பது முடியாம். கம்பளி வேண்டுமென்றால் நீலகிரி ஆட்டைத் தேடிப் போ என்றார். இது மெரினோ என்கிற ஆட்டின் கம்பளி, தபாலில் வந்தது.

ஏகாம்பரம்: நடுவில் என்ன, பளபளவென்று தெரிகிறது?

வள்ளியம்மாள்: பிளாஸ்டிக் அச்சு. முன்பக்கமும் பின்பக்கமும் ஒட்டிக்கொண்டால் கை எப்படி நுழையும்? அச்சின் மேல் இரண்டு பக்கமும் கம்பளியைச் சுற்றிவிட்டு, கடைசியில் அடிப்பக்கத்தை வெட்டி உருவிவிடலாம்.

ஏகாம்பரம்: (உற்றுப் பார்த்து) இது என் பென்ஷன் காகிதம் வைத்திருந்த உறை!

வள்ளியம்மாள்: காகிதம் பத்திரமாக இருக்கிறது. அரிசி டின்னில்.

ஏகாம்பரம்: சரி, ஏன் இவ்வளவு பெரிதாக வெட்டினாய்? பேரன் கையா, பயில்வான் கையா?

வள்ளியம்மாள்: 30 சென்டிமீட்டருக்கு வெட்டினால்தான் கடைசியில் 20 மிஞ்சும். மூன்றில் ஒரு பங்கு சுருங்கும். கம்பளி இழையில் செதில் செதிலாக இருக்குமாம், கூரையில் ஓடு வேய்ந்த மாதிரி. வெந்நீரும் சோப்பும் பட்டால் செதில் விரியும். தேய்க்கத் தேய்க்க ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும். அப்புறம் யாராலும் பிரிக்க முடியாது.

ஏகாம்பரம்: பங்காளி வீட்டுச் சொத்து வழக்கு மாதிரி.

வள்ளியம்மாள்: இந்தாருங்கள், கோரைப்பாயில் சுருட்டியிருக்கிறேன். சப்பாத்தி உருட்டுகிற மாதிரி உருட்டுங்கள். அவ்வப்போது திசை மாற்றுங்கள், ஒரே பக்கமாக உருட்டினால் ஒரே பக்கமாகச் சுருங்கும்.

(அரை மணி நேரம் உருட்டுகிறார். பாயிலிருந்து வடிவது சோப்புத் தண்ணீரா, அவர் வியர்வையா என்று சொல்வது கடினம்.)

ஏகாம்பரம்: முடிந்ததா?

வள்ளியம்மாள்: கிள்ளிப் பாருங்கள். இழை தனியாக எழும்பினால் இன்னும் உருட்ட வேண்டும்.

ஏகாம்பரம்: எழும்பவில்லை. ஆனால் இது சிங்கமா? இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்குக் காது முளைத்த மாதிரி இருக்கிறது. வேலூரைப் பற்றிச் சொல்வார்களே, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று. கோட்டைக் கோயிலுக்கு 1981-இல் சாமி திரும்பி வந்துவிட்டார். இந்தச் சிங்கத்துக்கு முகம் எப்போது வரும்?

வள்ளியம்மாள்: காய்ந்ததும் இரண்டு கறுப்பு மணி கோத்தால் வந்துவிடும். பாலாற்றுக்குத் தண்ணீர் வருகிறவரை காத்திருக்க வேண்டாம். (சற்று நிறுத்தி) ஆமாம், ஏலகிரிக்குப் போவதற்காக ஒரு கம்பளி ஸ்வெட்டர் வாங்கினீர்களே?

ஏகாம்பரம்: அதை ஏன் நினைவுபடுத்துகிறாய்? ஒரே சலவையில் குழந்தைச் சட்டை ஆகிவிட்டது. நீ மொட்டைமாடி வெயிலில் காயப் போட்டதால் வந்த வினை. பத்து வருடமாகச் சொல்கிறேன்.

வள்ளியம்மாள்: காயப் போட்டது நான். துவைத்தது யார்?

ஏகாம்பரம்: நான்தான். யாரும் குறை சொல்ல முடியாதபடி துவைத்தேன். கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் ஊற வைத்து, சோப்புப் போட்டு, கல்லில் நன்றாகத் தேய்த்து...

(பேச்சு நிற்கிறது. பாயைப் பார்க்கிறார். வாளியைப் பார்க்கிறார். மனைவியை மட்டும் பார்க்கவில்லை.)

ஏகாம்பரம்: சோப்புப் போக அலசுகிற தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட வேண்டும் என்றாயே, பாட்டில் எங்கே?

வள்ளியம்மாள்: வினிகர் இருக்கட்டும். பெட்டியிலிருந்து அந்த ஸ்வெட்டரை எடுத்து வாருங்கள். வெட்டினாலும் இனி நூல் பிரியாது. கை இரண்டும் துதிக்கைக்குச் சரியாக இருக்கும்.

ஏகாம்பரம்: ஒரு யானைக்கு எதற்கு இரண்டு துதிக்கை?

வள்ளியம்மாள்: ஒன்றுதான் யானைக்கு. இன்னொன்றுக்குள் நீங்கள் முகத்தை வைத்துக்கொள்ளுங்கள்.