ஹீட்டரும் ஓடுது, ஜன்னலும் திறந்திருக்கு!

திங்கட்கிழமை காலை எட்டு மணி. ஊட்டியில் எங்கள் கல்லூரித் துறையின் ஆசிரியர் அறைப் பூட்டைத் திறக்கிறேன், உள்ளே ஹீட்டர் கம்பி சிவக்கச் சிவக்க எரிந்துகொண்டிருக்கிறது. அதற்கு நேர் எதிரே இரண்டு ஜன்னல்கள் ஆவென்று திறந்து கிடக்கின்றன. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பூட்டிய அறை அது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், 64 மணி நேரம். வயிறு எரிந்தது எனக்கு.

2000 வாட் ஹீட்டர் மணிக்கு 2 யூனிட் இழுக்கும். 64 மணி நேரத்துக்கு 128 யூனிட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு அரசு இலவசமாகக் கொடுப்பதே 100 யூனிட்தான். கீழே காந்தல் பகுதியில் எத்தனையோ குடும்பங்கள் அந்த நூறைத் தாண்டிவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து விளக்கு போடுகின்றன. அதைவிட அதிகமாக, ஒரு ஆள்கூட இல்லாத அறை இரண்டரை நாளில் தின்று தீர்த்திருக்கிறது.

"அதான் தெர்மோஸ்டாட் இருக்கே மேடம், சூடானதும் தானா நின்னுடுமே" என்றார் ஒருவர். அறை சூடானால்தானே சார் நிற்கும்? வெளியே தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகப் படிகிற தை மாதம். ஜன்னல் திறந்திருந்தால் அந்த அறை எந்த ஜென்மத்தில் சூடாகும்? ஒரு நிமிடம் நிற்காமல் ஓடத்தான் செய்யும்.

இது மறதியால் ஒருநாள் நடந்த தப்பு என்றால் நான் இப்படிக் கத்த மாட்டேன். தினமும் நடக்கிறது. காலையில் முதலில் வருகிறவர் ஹீட்டரின் தெர்மோஸ்டாட் குமிழைக் கடைசி எண் வரை திருகுகிறார், சீக்கிரம் சூடாகுமாம். ஆகாது! குமிழை எங்கே வைத்தாலும் ஹீட்டர் கொடுப்பது அதே 2000 வாட்தான். எந்தச் சூட்டில் நிற்க வேண்டும் என்பதை மட்டும்தான் குமிழ் சொல்கிறது. பதினோரு மணிக்கு அறை வெந்துபோகிறது. அப்போதாவது குமிழைக் குறைக்கலாம் அல்லவா? யாரும் அதைத் தொடுவதில்லை. எழுந்து போய் ஜன்னலைத் திறக்கிறார்கள். மதியம் குளிர்காற்று உள்ளே வந்ததும், "குளிருதுப்பா, இன்னொரு ஹீட்டர் போடு." இரண்டு, மூன்று என்று ஒரே லைனில் மாட்டி, ட்ரிப் ஆகி, பக்கத்து லேப்பில் பிள்ளைகளின் சோதனை பாதியில் நிற்கிறது.

வகுப்பறையில் இதைவிடக் கொடுமை. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடம்பு சுமார் 100 வாட் சூட்டை வெளியே விடும். அறுபது பேர் இருக்கும் வகுப்பில் 6000 வாட், மூன்று ஹீட்டருக்குச் சமம். கதவு ஜன்னலைச் சாத்தினால் கொஞ்ச நேரத்தில் அறை தானே கதகதப்பாகிவிடும். மூச்சு முட்டுமே என்றால், நியாயம், நல்ல காற்று வேண்டும்தான். ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்பு தொடங்கும் இடைவெளியில் ஹீட்டரை அணைத்துவிட்டு, எல்லா ஜன்னலையும் ஐந்து நிமிடம் அகலத் திறந்து, மறுபடி சாத்துங்கள். நாள் முழுக்க அரை ஜன்னல் திறந்து வைப்பது யாருக்கும் உதவாது.

எனக்குத் தாங்கவே முடியாதது உடை விதி. ஃபாங்கர் என்ற டென்மார்க் பேராசிரியர் 1970-ல் எழுதிய கணக்கில், ஒருவருக்குக் குளிர்வதும் வேர்ப்பதும் ஆறு விஷயங்களைப் பொறுத்தது: காற்றின் சூடு, சுற்றியுள்ள சுவரின் சூடு, ஈரப்பதம், காற்று வீசும் வேகம், போட்டிருக்கும் துணி, செய்யும் வேலை. இதில் மாணவி கையில் முழுசாக இருப்பது துணி ஒன்றுதான். அதற்கும் தடை! வகுப்பில் சால்வை கூடாது, குல்லா கூடாது, பார்க்க நன்றாக இல்லையாம். எங்களுடையது பழைய கல் கட்டடம். சுவரோரம் உட்கார்ந்த பிள்ளையின் உடம்புச் சூட்டைச் சில்லென்ற அந்தக் கல் இழுத்துக்கொண்டே இருக்கும். அறைக் காற்று சூடாக இருந்தாலும் அவளுக்குக் குளிரும். அவளிடம் சால்வையைக் கழற்றச் சொல்லிவிட்டு ஹீட்டரைக் கூட்டுவது என்ன நியாயம்? பெஞ்சை ஒரு முழம் உள்ளே தள்ளிப் போடக்கூட யாருக்கும் கை வருவதில்லை.

இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களின் மந்தில், அதாவது அவர்கள் குடியிருப்பில், அந்த வளைந்த கூரை வீட்டைப் பாருங்கள். தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும், வாசல் அவ்வளவு சின்னது. குளிரும் காட்டு விலங்கும் நுழையாமல் கட்டியவர்கள் அவர்கள். 1932-லேயே பைக்காரா ஆற்றுத் தண்ணீரில் கரண்ட் எடுத்த மலை இது. அப்புறம் குந்தாவில் அணை அணையாகக் கட்டி எடுத்தார்கள். அந்தக் கரண்டை ஜன்னல் வழியாக வெளியே விடுகிறோமே, யாருக்குமே மனசு உறுத்தவில்லையா?

எங்கள் கட்டடத்தில் கொக்கி உடைந்து சாத்தவே முடியாத ஜன்னல்கள் பதினொன்று. நானே எண்ணினேன். சரி செய்யச் சொல்லி மூன்று கடிதம் கொடுத்துவிட்டேன். நடுவில் புது ஹீட்டர் நான்கு கேட்டார்கள், ஒரே வாரத்தில் வந்து இறங்கிவிட்டது. கொக்கி இன்னும் வரவில்லை. நான்காவது கடிதத்தை இன்று எழுதி மேஜை மேல் வைத்திருக்கிறேன், 128 யூனிட் கணக்கையும் சேர்த்து.