கோதுமையை நிறுத்துமுன் ரத்தப் பரிசோதனை
பிள்ளைக்கு அடிக்கடி வயிறு உப்பினால் முதலில் கோதுமையை நிறுத்திப் பாருங்கள் என்று ஒரு கட்டுரையில் இருப்பதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. கோதுமையில் உள்ள குளூட்டன் புரதத்தால் உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்குவதுதான் சீலியாக் நோய். அதைக் கண்டறியும் டிடிஜி-ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை, பிள்ளை வழக்கம்போல சப்பாத்தி, பராட்டா, ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் சரியாகக் காட்டும், நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடலாம். கூடவே ரத்தத்தில் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதத்தின் மொத்த அளவையும் பார்க்கச் சொல்லுங்கள், அது ரொம்பக் குறைவாக இருந்தால் அந்த முடிவை நம்ப முடியாது. அப்புறம் குடலில் அழற்சி இருக்கிறதா என்று அறிய மலத்தில் பார்க்கும் கால்புரோடெக்டின் என்ற புரதம், 4 வயதுக்குக் கீழே இயல்பாகவே கூடுதலாக இருக்கும், பெரியவர்களுக்கான, ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராம் என்ற அளவோடு ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) குழந்தை மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், மலத்தில் ரத்தமோ எடை குறைவதோ இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம்.