சுயநலத் தத்துவத்தை லயத்துப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது?

மூணாறு பக்கம் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளரும் கல்லூரிப் பிள்ளைகளிடம் அமெரிக்க எழுத்தாளர் அய்ன் ராண்ட் பெயரை எடுத்தாலே, "சுயநலம் நல்லதுன்னு சொன்னவங்கதானே?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். எடுத்த எடுப்பில் ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும் ஆங்கில நாவலைக் கையில் திணித்தால் யார்தான் படிப்பார்கள்?

ராண்டைப் பிள்ளைகளிடம் கொண்டுபோக நினைக்கும் நண்பர்களே, 2015 செப்டம்பரில் இருந்து ஆரம்பியுங்கள். போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்தார்கள் என்று கொழுந்து பறிக்கும் நம் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு மூணாறு டவுன் ரோட்டில் உட்கார்ந்தார்களே, அந்த ஒன்பது நாள். தங்கள் பெயரால் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களையே பக்கத்தில் விடவில்லை. கடைசியில் போனஸ் 8.33, கருணைத் தொகை 11.67 என்று அதே 20 சதவீதத்தை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். அதில் பல பேர் இந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள், சித்திகள்.

அவர்கள் யாரிடமும் தானம் கேட்கவில்லை. நாங்கள் பறித்த இலைக்கு இது விலை என்றார்கள். ராண்ட் சொல்வதும் இதுதான்: அடுத்தவனுக்காக உன்னைப் பலி கொடுக்காதே, உனக்காக அடுத்தவனைப் பலி கேட்காதே, கொடுத்து வாங்கு. ரோட்டை மறிப்பது பலவந்தம், அது அவர் கொள்கைக்கு ஒத்துவராது என்று நம்மிலேயே சிலர் சொல்வார்கள். சரி, அந்தச் சண்டையையும் பிள்ளைகள் முன்னாலேயே போடுவோம். கேட்கிறவனுக்கு ஆர்வம் வருவதே அங்கேதான்.

அப்புறம் வீட்டு விஷயத்துக்கு வாருங்கள். அம்மா ரிட்டையர் ஆனால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். வீட்டில் ஒருத்தர் எஸ்டேட்டில் வேலைக்குப் பெயர் போட்டால் வீடு தங்கும். உடனே எல்லார் கண்ணும் டிகிரி படிக்கிற மகள் பக்கம் திரும்பும். "குடும்பத்துக்காக இதுகூடச் செய்ய மாட்டியா?" இந்த ஒரு கேள்வியில் எத்தனை படிப்பு நின்றிருக்கிறது! அவள் வாழ்க்கை யாருடையது என்று கேட்கத் துணிந்த தத்துவம் இது. அவளை விட்டால் வேறு யாருக்கு இது அதிகம் தேவைப்படும்?

ராண்ட் வசதியான நாற்காலியில் உட்கார்ந்து இதை யோசித்தவர் இல்லை. 1905இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். அப்பா நடத்திய மருந்துக்கடையை, பொதுநலத்தின் பெயரைச் சொல்லிப் புரட்சி அரசு எடுத்துக்கொண்டது. 1926இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். எல்லாருடைய நன்மைக்கும் என்று யாராவது பேச ஆரம்பித்தால், அதற்கு விலை கொடுக்கப்போவது யார் என்று அவர் பார்த்தது ஏன் என்று இப்போது புரியும்.

ஏமாற்றிப் பிழைப்பதும் சுயநலம்தானே என்று கட்டாயம் கேட்பார்கள். இல்லை. ஏமாற்றுகிறவன் அடுத்தவனுடைய ஏமாளித்தனத்தை நம்பிப் பிழைக்கிறான். அவன் சோறு அடுத்தவன் கையில் இருக்கிறது. சொந்தப் புத்தியால் யோசித்து, சொந்த உழைப்பில் நிற்பதைத்தான் ராண்ட் சுயநலம் என்கிறார். இதை நிதானமாகச் சொல்லுங்கள், அவசரப்பட வேண்டாம். ஆர்வம் வந்தவர்களுக்கு 1964இல் வந்த 'The Virtue of Selfishness' என்ற அவருடைய சின்னக் கட்டுரைத் தொகுப்பைக் கொடுங்கள். நாவல் அப்புறம்.

முடிந்தால் பெற்றோரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். "புள்ள வேலைக்குப் போகலன்னா நாங்க எங்க போறது?" என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. ரிட்டையர் ஆகிற வருஷம் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். பிஎஃப், கிராஜுவிட்டி எவ்வளவு வரும், போடி, தேனி பக்கம் ஒரு துண்டு இடம் வாங்க முடியுமா என்று மகள் பள்ளிக்கூடம் போகும்போதே கணக்குப் போட்டு உட்கார்ந்து பேசுங்கள். அம்மாவும் தன் முதுமையைத் தானே பார்த்துக்கொள்ளலாம், மகளும் பரீட்சை எழுதலாம்.