பேச்சிப்பாறை நிரம்பினால் போதுமா?

‘பேச்சிப்பாறை அணை நிரம்பிவிட்டது, இனி நாகர்கோவிலுக்குக் குடிநீர்க் கவலையே இல்லை’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை முதன்மையாகப் பாசன அணை. முழு நீர்மட்டம் 48 அடி. நகரத்துக் குழாய்க்குப் பல காலமாகத் தண்ணீர் தருவது முக்கடல் அணை. அதன் முழு மட்டமே வெறும் 25 அடி! கோடையில் பேப்பரில் ‘மைனஸ்’ அடி என்று போடுவார்களே, அது அச்சுப்பிழை இல்லை. அளவுகோலின் பூஜ்யத்துக்கும் கீழே கிடக்கும் தண்ணீர். பேச்சிப்பாறை ததும்பும்போதும் முக்கடல் காய்ந்து கிடக்கலாம். சரி, புத்தன் அணை என்ற இன்னொரு அணையிலிருந்து நகரத்துக்குக் குழாய் போட்டது உண்மைதான்; ஆனால் அது அப்புறம் வந்த திட்டம். பேச்சிப்பாறை மட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிடாதீர்கள்.